கல், படகு, திரை: பழவேற்காட்டில் தன்னடையாள ஒப்பனையின் மூன்று பரப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

சமூக ஊடகச் சுயவிவரப் பக்கத்தைத் தம் விருப்பம்போல் ஒப்பனை செய்துகொள்வது இணையக் காலத்திற்கே உரிய வழக்கமாகக் கருதப்படுகிறது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளையும் மீன்பிடிப் படகுகளையும் அதனோடு இணைத்து நோக்கும் இக்கட்டுரை, ஒப்பனையின் எல்லையைப் பரப்பின் உடைமையாளரே வரைகிறார் என்பதையும், அப்பரப்பைக் காப்பவர் உளரா என்பதைப் பொறுத்தே சான்று எஞ்சுகிறது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, சுயவிவரப் பக்கம், கல்லறைப் பலகை, கட்டுமரம், ஆவணக்காப்பு.

முன்னுரை

பழவேற்காடு ஏரி, சிலிக்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். தமிழகமும் ஆந்திரமும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் தென்கரை ஊர்களில் அயல்நாட்டு வணிகரும் மீனவரும் அடுத்தடுத்து வாழ்ந்துள்ளனர். பெயர், உருவம், சின்னம், தம்மைப்பற்றிய ஓரிரு வரிகள் ஆகிய நான்கும் சுயவிவரப் பக்கத்தின் உறுப்புகள். இவ்வுறுப்புகள் இக்கரையில் எப்பரப்புகளில் இடம்பெற்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கல்

டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1613இல் இங்குக் கோட்டை எழுப்பினர். அது கெல்டிரியா எனப் பெயர்பெற்றது. 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பெற்ற அவர்களது கல்லறைத் தோட்டம் இன்றும் காணத்தக்கது. அங்குள்ள பலகைகளில் குடும்பச் சின்னம், பெயர், பதவி, இறந்த நாள் ஆகியன புடைப்பெழுத்துகளில் அமைந்துள்ளன. சட்டகம் ஏறத்தாழ ஒன்றே. சின்னமும் வாசகமுமே ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இக்கரையில் செதுக்கப்பெற்ற கல்லறைப் பலகைகள் பத்தாவியாவிற்கும் கப்பலேறின.

ஆயினும் அக்கல்லில் இடம்பெறப் பொருளும் பதவியும் வேண்டியிருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டோர்க்கு இத்தகைய பலகை ஏதும் இல்லை. கும்பினிக்கு நெய்துகொடுத்த தறிக்காரர் பெயர்களும் அங்கு இல்லை. அவர்களது துணி மட்டும் மலாய் மொழியில் ‘பெலேகாட்’ என ஊர்ப்பெயரைச் சுமந்து நிற்கிறது. கோட்டை அழிந்தபின்னும் கல்லறைகள் எஞ்சியமைக்குக் கல்லின் உறுதியோடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பும் காரணமாகும்.

படகு

மீனவரின் கட்டுமரம் எழுதும் பரப்பாக அமையவில்லை. கரை சேர்ந்தபின் கயிறவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். அகன்ற பக்கச்சுவர் அதற்கு இல்லை. ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கிலும் ஒருவரது உரிமை ஊர் உறுப்பினர் என்ற தகுதியால் அமைந்தது. எனவே தனிப்பெயரைப் பொறித்துக் காட்டவேண்டிய தேவை அங்குக் குறைவு எனக் கருதலாம்.

கண்ணாடியிழைப் படகு இந்நிலையை மாற்றியது. அதன் வழவழப்பான பக்கங்கள் தெய்வப்பெயர், பிள்ளைகளின் பெயர், ஓவியம் ஆகியவற்றிற்கு இடமளித்தன. ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகக் கரையெங்கும் வழங்கப்பட்ட படகுகள் பலவற்றில் கொடையளித்த நிறுவனங்களின் பெயரும் சின்னமும் இடம்பிடித்தன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகுப் பதிவைக் கட்டாயமாக்கியது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப்பின் மாநிலத்திற்கொரு வண்ணம் என்ற விதியும் வந்தது. படகு மீனவருடையதாயினும் அதன் தோற்றத்தில் கொடையாளருக்கும் அரசுக்கும் பங்குண்டு.

திரை

திரையின் வரலாறும் இவ்வாறே செல்கிறது. 2003இல் தொடங்கிய மைஸ்பேஸ், பயனர் தாமே குறிநிரல் இட்டுப் பக்கத்தின் பின்னணியையும் எழுத்தையும் மாற்ற இடந்தந்தது. 2004இல் வந்த முகநூல் நிறத்தையும் அமைப்பையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, சுயவிவரப்படத்தை மட்டும் பயனரிடம் விட்டது. 2011இல் அட்டைப்படத்தைச் சேர்த்தது. டச்சுப் பலகையைப் போலவே இங்கும் சட்டகம் ஒன்று, நிரப்புவோர் பலர்.

வேறுபாடு இரண்டு. முதலாவது, பதவியும் பொருளும் இல்லாதவரும் கைப்பேசி வழியே இப்பரப்பில் தம் பெயரையும் உருவத்தையும் தாமே பதிக்க இயலும். பழவேற்காட்டு மீனவக் குடும்பங்களுக்கு இது முந்தைய இரு பரப்புகளும் முழுமையாகத் தராத வாய்ப்பு. இரண்டாவது, இப்பரப்பு உரிமையாளரின் ஒரு முடிவால் மறையக்கூடியது. இந்தியாவில் பெருவழக்காயிருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. தளமாற்றத்தின்போது பழைய பாடல் கோப்புகள் அழிந்ததை மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது.

முடிவுரை

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தால் தம் கரைக்கும் தொழிலுக்கும் கேடு நேரும் எனப் பழவேற்காட்டு மீனவர் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். இச்சூழலில் வலை, படகு, கரை, வீட்டுவாயில் ஆகியவற்றைப் பின்னணியாகக் கொண்டு ஒருவர் தேர்ந்துவைக்கும் அட்டைப்படம், ஒப்பனை என்ற அளவில் நின்றுவிடாது. அக்கரை எவ்வாறு இருந்தது, அங்கு வாழ்ந்தோர் தம்மை எவ்வாறு காண விழைந்தனர் என்பவற்றிற்கு அது சான்றாகும். டச்சு வணிகர் தம் சான்றைக் கல்லில் விட்டுச் சென்றனர். அதனைக் காக்க ஒரு துறை உள்ளது. மீனவரின் சான்றைக் காக்க அத்தகைய ஏற்பாடு தேவை. உரியவரின் இசைவுடன் இப்பக்கங்களைப் படியெடுத்து, நாளும் ஊரும் குறித்துப் பல்கலைக்கழக நூலகங்களில் சேமிக்கும் பணியை வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் துறைகள் மேற்கொள்ளலாம். தளங்கள் மூடும் அறிவிப்பு வந்தபின் அப்பணியைத் தொடங்குவது காலம் கடந்ததாகிவிடும்.