காலம் கடைச்சரக்கான கதை

2024ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. ஆறாம் ஆண்டு வகுப்பைப் பார்வையிடச் சென்றிருந்தேன். என்றும் முதல் வரிசையில் அமர்ந்து விடைக்குக் கை உயர்த்தும் மாணவன் ஒருவன் மேசைமேல் தலை சாய்த்து உறங்கிக் கொண்டிருந்தான். உடல் நலமில்லையோ என்று அஞ்சி எழுப்பிக் கேட்டேன். "இல்லைங்க ஐயா, ராத்திரி ஒரு மணிக்குக் கடை திறந்துச்சு. அண்ணன் எழுப்பினாரு" என்றான்.

இரவு ஒரு மணிக்குத் திறக்கும் கடை எது? கணினி விளையாட்டுகளை இணையத்தின் வழி விற்கும் 'ஸ்டீம்' என்னும் கடையின் கோடைகால மலிவு விற்பனை அன்றுதான் தொடங்கியிருந்தது. நம் நாட்டிலோ கோடை, குளிர் என்னும் பருவங்கள் இல்லை. வெயிலும் மழையுமே நாம் அறிந்தவை. கோடையில்லா நாட்டுச் சிறுவன் ஒருவன் கோடை விற்பனைக்காக உறக்கம் துறந்தான் என்றால், அதன் பின்னே ஒரு வரலாறு இருத்தல் வேண்டும். அவ்வரலாற்றை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருப்பது நன்று எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சரக்கு வகுத்த நேரம்

குறித்த காலத்திற்கு மட்டும் விலையைக் குறைத்து விற்பது புதிய வழக்கமன்று. நான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன். சம்பள நாளன்று வரும் துணி வணிகர் காலையில் ஒரு விலை சொல்வார்; பொழுது சாயும் வேளையில் வேறொரு விலை சொல்வார். விற்காத மூட்டையை மீண்டும் வண்டியேற்றிக் கொண்டு போவதைவிட, குறைந்த விலைக்குத் தந்துவிட்டுப் போவது அவருக்கு இலாபம். இரவுச் சந்தையில் மீன் விற்பவரும் கடை கட்டும் நேரத்தில் விலையைத் தணிப்பதை இன்றும் காண்கிறோம். மறுநாள்வரை வைத்திருந்தால் மீன் கெட்டுவிடும். இங்கெல்லாம் நேரத்தை வகுத்தது சரக்கின் இயல்பே என்பது நோக்கத்தக்கது.

பெரிய கடைகள் தோன்றிய பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெருங்கடை நடத்திய ஜான் வானமேக்கர் என்பவர், 1878ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் படுக்கை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளுக்கு மலிவு விற்பனை நடத்தினார். கிறிஸ்துமஸ் முடிந்து மக்கள் கடைக்கு வாராத மந்தமான மாதம் அது. பாஸ்டன் நகரில் எட்வர்ட் பைலீன் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் கடையின் அடித்தளத்தில் வேறொரு முறையைக் கையாண்டார். குறித்த நாள்களுக்குள் விற்காத பொருளின் விலை படிப்படியாகத் தானே இறங்கும். இறுதிவரை விற்காதது அறப்பணிக்குச் செல்லும். எந்த நாளில் எந்த விலை என்பது வாங்குவோருக்கும் முன்னரே தெரியும். காத்திருந்தால் விலை குறையும். ஆனால் வேறொருவர் வாங்கிச் சென்றுவிடவும் கூடும். கடையில் இருந்தது ஒரே ஒரு மேலங்கி என்பதால் அந்த அச்சம் மெய்யான அச்சம்.

சரக்கில்லாக் கடை

இனி நம் பொருளுக்கு வருவோம். 1996ஆம் ஆண்டில் தோன்றிய வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம், 2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்டீமைத் தொடங்கியது. தன் விளையாட்டுகளில் செய்யும் திருத்தங்களை விளையாடுவோரின் கணினிகளுக்கு அனுப்புவதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. 2005ஆம் ஆண்டு முதல் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளும் அங்கு விற்கப்படலாயின. நாளடைவில் அது உலகளாவிய பெருங்கடையாயிற்று.

இக்கடையில் அலமாரி இல்லை, மூட்டை இல்லை, கெட்டுப் போகும் மீனும் இல்லை. ஒரு விளையாட்டைப் பத்துப் பேருக்கு விற்றாலும் பத்து இலட்சம் பேருக்கு விற்றாலும் சரக்குத் தீர்வதில்லை. அங்ஙனமாயின், காலம் குறித்து விற்பதற்குக் காரணம் யாது?

காரணம் வாங்குவோரிடத்தில் இருக்கிறது. ஒரு விளையாட்டு வெளிவந்த அன்றே 200 வெள்ளி கொடுத்து வாங்குவோர் சிலர். 100 வெள்ளியானால் வாங்கலாம் என்று பொறுத்திருப்போர் பலர். 50 வெள்ளிக்கு வந்தால்தான் எண்ணிப் பார்ப்போர் இன்னும் பலர். விலையை என்றைக்குமாகக் குறைத்துவிட்டால் முதல் வகையினர் தரும் பணம் இல்லாமற் போகும். குறைக்காவிட்டால் மற்ற இரு வகையினரும் வாரார். ஆகவே சில நாள்களுக்கு மட்டும் குறைத்து மீண்டும் உயர்த்துவது வணிகர் கண்ட வழி. இதனால் ஏழை மாணவனுக்கும் விளையாட்டு எட்டும் விலையில் கிடைக்கிறது என்பதை மறுத்தல் ஆகாது.

இவ்வழி எத்துணைப் பயன் தந்தது என்பதை வால்வ் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல், 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற மாநாடொன்றில் எடுத்துரைத்தார். அதற்கு முந்திய ஆண்டிறுதி விற்பனையில் 10 விழுக்காடு கழிவு தந்த விளையாட்டுகளின் வருமானம் 35 விழுக்காடு உயர்ந்தது. 25 விழுக்காடு கழிவுக்கு 245 விழுக்காடும், 50 விழுக்காடு கழிவுக்கு 320 விழுக்காடும், 75 விழுக்காடு கழிவுக்கு 1,470 விழுக்காடும் உயர்வு கண்டதாக அவர் கூறினார். இவை விற்ற எண்ணிக்கையின் உயர்வல்ல. கைக்கு வந்த பணத்தின் உயர்வு. விலையை நான்கில் ஒரு பங்காக்கியும் வருமானம் பன்மடங்கு பெருகியது. இதைக் கண்ட எந்த வணிகன்தான் வாளாவிருப்பான்?

மின்னல் விற்பனையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

அடுத்து வந்த ஆண்டுகளில் விற்பனைக்குள் விற்பனை புகுந்தது. இரு வாரம் நடைபெறும் மலிவு விற்பனையில் ஒவ்வொரு நாளும் சில விளையாட்டுகளுக்கு அன்றைக்கு மட்டும் கூடுதல் கழிவு தரப்பட்டது. அதற்குள்ளும் எட்டு மணி நேரமே நீடிக்கும் மின்னல் விற்பனை ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்து கொண்டே வரும். எட்டு மணி என்பது ஒரு மனிதன் உறங்கும் நேரம். உறங்கி எழுந்தால் வாய்ப்புப் போயிற்று.

தீராத சரக்கைத் தீர்ந்துபோவது போலக் காட்ட வணிகர் கண்ட கருவி கடிகாரமே. முன்னாளில் மீன் கெட்டது. இந்நாளில் நேரம் கெட்டது. வாங்குவோரும் வாளாவிருக்கவில்லை. 'நாள் கழிவோ மின்னல் கழிவோ வந்தாலன்றி, விற்பனையின் கடைசி நாள்வரை எதையும் வாங்காதே' என்னும் அறிவுரை அவர்களிடையே பரவியது. அவ்வறிவுரையைப் பின்பற்றவும் இரு வாரம் இடைவிடாது விழித்திருத்தல் வேண்டும்!

மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. வாங்கிய விளையாட்டில் குறையிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஆஸ்திரேலிய நாட்டுச் சட்டம். அந்நாட்டுப் பயனீட்டாளர் ஆணையம், அவ்வுரிமையை மறுத்ததாக வால்வ் நிறுவனத்தின்மீது 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. 2016ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்து, 30 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி தண்டம் விதித்தது. வழக்கு நடந்து கொண்டிருந்தபோதே, 2015ஆம் ஆண்டு ஜூனில், வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்னும் விதியை ஸ்டீம் உலகெங்கும் நடைமுறைப்படுத்தியது.

இவ்விதி கடிகாரத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டது. இன்று வாங்கிய விளையாட்டு நாளை மின்னல் விற்பனைக்கு வந்தால், இதைத் திருப்பித் தந்துவிட்டு அதை வாங்கலாம் அன்றோ? அதே ஆண்டு நவம்பரில் நடந்த இலையுதிர்கால விற்பனையில் நாள் கழிவும் மின்னல் கழிவும் நீக்கப்பட்டன. எந்த நாளில் வந்தாலும் சிறந்த விலையை வாங்குவோர் காண வேண்டும் என்பது நிறுவனம் கூறிய காரணம். பணம் திருப்பும் விதியே உண்மைக் காரணம் என்று எண்ணியோரும் உளர். காரணம் எதுவாயினும் முதல் நாள் விலையே கடைசி நாள்வரை நிலைபெறலாயிற்று.

அதன் பின்னர் நாள்காட்டியும் சீர்பெற்றது. 2022ஆம் ஆண்டில், ஒரு விளையாட்டுக்கு ஒரு கழிவு முடிந்தால் 28 நாள் கழிந்த பின்னரே அடுத்த கழிவு தரலாம் என விதி வகுத்தனர்; பருவகால விற்பனைகள் மட்டும் இதற்கு விலக்கு. நம் அண்டை வீட்டார் கொண்டாடும் சீனப் புத்தாண்டையொட்டி நடந்துவந்த விற்பனை, ஆண்டிறுதி விற்பனைக்கு மிக நெருங்கி வந்தமையால் கைவிடப்பட்டு, 2023ஆம் ஆண்டு மார்ச்சு முதல் இளவேனில் விற்பனையாயிற்று. 2025ஆம் ஆண்டில் இலையுதிர்கால விற்பனையும் நவம்பரிலிருந்து செப்டம்பர் இறுதிக்கு மாற்றப்பட்டது. இந்நாள்களெல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன.

காலை எட்டு மணிக் கடை

ஆயின், கடிகாரம் மறைந்துவிடவில்லை. வேறு கடைக்குக் குடிபெயர்ந்தது. 2017ஆம் ஆண்டில் எபிக் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்நைட்' என்னும் விளையாட்டை இலவசமாக ஆடலாம். விளையாட்டுக்குள்ளே ஆடை அணிகளை விற்கும் கடை ஒன்று உண்டு. கிரீனிச்சு நேரப்படி நள்ளிரவில் அக்கடையின் சரக்கு மாறும். நமக்கோ அது காலை எட்டு மணி. பள்ளியில் முதல் பாடம் நடக்கும் வேளை.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நெதர்லாந்து நாட்டின் பயனீட்டாளர், சந்தை ஆணையம் இந்நிறுவனத்திற்கு 11 இலட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. சிறுவர்களை வாங்குமாறு நேரடியாகத் தூண்டியதும், காட்டிய நேரம் முடிந்த பின்னரும் சில பொருள்கள் விற்பனையில் இருக்க, முடிந்துவிடும் என்று கடிகாரம் காட்டியதும் குற்றங்களாகக் கொள்ளப்பட்டன. நிறுவனம் அம்முடிவோடு உடன்படவில்லை. எனினும் அந்நாட்டில் 18 வயதுக்குட்பட்டோருக்கு, 48 மணி நேரமாவது கடையில் இருக்கும் பொருள்களை மட்டுமே காட்டும் ஏற்பாடு வந்தது. சிறுவன் ஓர் இரவு உறங்கி எழுந்து எண்ணிப் பார்க்க இடம் தரவேண்டும் என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

ஆசிரியர் கடன்

மீண்டும் என் மாணவனிடம் வருகிறேன். 2024ஆம் ஆண்டுக் கோடை விற்பனை இரு வாரம் நீடித்தது. முதல் நாள் இரவு ஒரு மணிக்குக் கிடைத்த விலையே மறுநாள் மாலையிலும் கிடைத்திருக்கும். பிறகு ஏன் உறக்கம் துறந்தான்? மறுவாரம் பள்ளிக்கு வந்த அவன் தமையனிடமே கேட்டேன். தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர். "நான் படிக்கும்போது எட்டு மணி நேரந்தாங்க ஐயா. தூங்கினா போச்சு. அந்தப் பழக்கம் விடல" என்றார்.

அவர் கூற்று என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. மின்னல் விற்பனை 2015ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. கடை தன் விதியை மாற்றிக் கொண்டது. ஆனால் அது ஊட்டிய அச்சம் தமையனிடம் தங்கி, அவ்விற்பனையைக் கண்டேயிராத தம்பிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. விதிகள் மாறுவது எளிது. அவை உண்டாக்கிய பழக்கங்கள் ஒரு தலைமுறை கடந்தும் வாழும். மாணவனைக் கண்டிக்க எண்ணியிருந்த நான் அவ்வெண்ணத்தைக் கைவிட்டேன்.

அதற்கு மாறாக, அடுத்த கணிதப் பாடத்தில் கரும்பலகையில் இரு கடிகாரங்களை வரைந்தேன். அமெரிக்க மேற்குக் கரையில் கோடையில் காலை மணி பத்து என்றால் நம் நாட்டில் என்ன மணி என்று கணக்கிடச் சொன்னேன். 15 மணி வேறுபாட்டைக் கூட்டி, இரவு மணி ஒன்று என்று விடை கண்டனர். "அப்படியென்றால் இந்த நேரம் யாருக்கு வசதி?" என்று கேட்டேன். சற்று நேரம் அமைதி. பிறகு அம்மாணவனே எழுந்து, "கடைக்காரருக்கு, ஐயா" என்றான்.

திருக்குறளின் 49ஆம் அதிகாரம் காலமறிதல். செயலில் இறங்குவோன் தனக்குரிய காலத்தைத் தானே தேர்ந்து, அதுவரை பொறுத்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வதிகாரத்தின் பொருள். அரசனுக்காகச் சொல்லப்பட்ட அவ்வறம் இன்று சிறுவனுக்கும் வேண்டியிருக்கிறது. அவன் கையிலுள்ள கருவியில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அவனுக்காகக் காலத்தைத் தேர்ந்து வைக்கிறார்.

விளையாட்டைத் தடுப்பது நம் பணியன்று, தடுக்கவும் இயலாது. 'இந்தக் கடிகாரம் ஏன் ஓடுகிறது? இது நின்ற பின் பொருள் எங்கே போகும்?' என்னும் இரு வினாக்களைக் கேட்கக் கற்பித்தால் போதும். மீன்காரரின் கடிகாரத்திற்கு விடை உண்டு. விளையாட்டுக் கடையின் கடிகாரத்திற்கு உள்ள விடையை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர். அன்றிரவு உறங்கவும் செய்வர்.