கரிசல் எழுத்தும் ‘மனிதநேயம்’ என்னும் அத்தியாயமும்

மனிதனையே சகலத்துக்கும் பிரமாணமாகக் கொள்ளும் சித்தாந்தத்தின்மீது ஐரோப்பாவில் எழுந்த ஐயம், 1947-இல் வெளிவந்த, ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கரின் மனிதநேயம் பற்றிய கடிதத்திலும், 1966-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ வெளியிட்ட ‘சொற்களும் பொருள்களும்’ என்ற நூலிலும் தத்துவ உருவம் பெற்று, அமைப்பியலை விளக்கும் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982-இல் அச்சேறியபோது தமிழ் விவாதத்துக்குள் முறையாக நுழைந்தது. கோவில்பட்டிக் கரிசல் பூமியிலோ அந்த ஐயம் அதற்குக் காத்திராமல் வேறொரு வழியில் முளைத்துவிட்டது என்பதும், கல்வி ஸ்தாபனங்கள் அதனைக் கண்டுகொள்ளவில்லை என்பதும் என் துணிபு.

தொடக்கத்தில் இங்கு இருந்தது சந்தேகமல்ல, நம்பிக்கை. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தீபாவளிக்கு முந்திய இரவில் புண்ணும் அழுக்குமாக வந்து நின்ற அநாதைச் சிறுவனை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டை உடுத்தக் கொடுக்கிறாள் தாயம்மாள். பண்டிகை நெருங்க நெருங்கக் குழந்தைகளின் கவுன் தைக்கும் இயந்திரங்கள் ஓயாத புதியம்புத்தூரில் இருந்துகொண்டு இக்கதையைப் படிப்பவனுக்கு, அந்த ஒரு துண்டு அவ்வீட்டுக்கு எவ்வளவு பெரிய செலவு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் ஆராய்ச்சியுடையது. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திவந்த நா. வானமாமலை, பட்டமளிக்கும் அதிகாரமோ மானியமோ இல்லாமல் 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தோற்றுவித்து, 1969-இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். புதியம்புத்தூருக்கு அருகிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மு கதைப்பாடலை அவர் பதிப்பித்ததன் வழியாகவும், கும்பினியாரின் ஆவணங்களில் பாளையக்காரர் என்றும் கலகக்காரர் என்றும் மட்டும் பதிவானவர்களைப் பாமர ஜனங்கள் எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பது படித்தவர் அறியும் பொருளாயிற்று. மார்க்சியரான அவருக்கு மானுடத்தின்மீது நம்பிக்கை தளரவில்லை. ஆயினும் ‘எந்த மானுடர்?’ என்னும் கேள்விக்கு வாசலைத் திறந்துவிட்டவர் அவரே.

அந்த வாசல் வழியாக நுழைந்தவர் கரிசல் நாவலாசிரியர் பூமணி. ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்த அதே 1982-இல் வெளியான அவருடைய ‘வெக்கை’யில், அண்ணனின் கொலைக்குப் பழிதீர்த்த பதினைந்து வயதுச் சிதம்பரம், தகப்பனுடன் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிந்து, கிடைத்ததைச் சமைத்துத் தின்று பொழுதைக் கழிக்கிறான். இவனையும் இவன் கையால் மாண்ட நிலக்கிழாரையும் மனிதன் என்ற ஒரே பெயரில் அடக்கி, இருவருக்கும் பொதுவாகக் கருணை பேசுவது எங்ஙனம்? நாவல் இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஃபூக்கோவின் துணையும் அதற்குத் தேவைப்படவில்லை.

அவ்வாண்டிலேயே, பள்ளிப் படிப்பையே முடிக்காத எழுத்தாளர் கி. ராஜநாராயணன், ஒரு பல்கலைக்கழகத் துறை கூடிச் செய்திருக்க வேண்டிய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை நண்பர்களைத் துணைக்கொண்டு முடித்து வெளியிட்டார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது. அது அந்த ஸ்தாபனத்துக்குப் பெருமையே. ஆனால் அவரை அழைக்கத் தளர்ந்த விதி, மாணவனின் ஆய்வேட்டுக்குத் தளரவில்லை.

ஆய்வேட்டின் சட்டகம் நாம் அறிந்ததே: ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், சமுதாயப் பார்வை, பாத்திரப் படைப்பு, மனிதநேயம், நடைநலம். ‘வெக்கை’ இச்சட்டகத்துக்குள் புகும்போது, மனிதநேயத்தைக் கேள்விக்குள்ளாக்கிய பகுதிகளே அதற்குச் சான்றுகளாக எடுத்துக்காட்டப்படுகின்றன. வழிகாட்டிக்கும் தேர்வாளருக்கும் இதில் சங்கடமில்லை. மேற்கோள் இருக்கிறது, பக்க எண் இருக்கிறது. ஐயுறுவது தத்துவத்தின் தொழிலாயிருக்க, அந்த ஐயத்தை நிரப்பப்பட்ட அத்தியாயமாக மாற்றித் தருவதே கல்விக்கூட வாழ்க்கையின் பெருங்குறை என்று எனக்குத் தோன்றுகிறது; சம்பளக் கமிஷனும் பதவி உயர்வும் பற்றிய வழக்கமான புலம்பல்கள் இதற்கு அடுத்தபடிதான்.

உருளைகுடியைச் சேர்ந்த சோ. தர்மன் ‘கூகை’ (2005) நாவலில் ஒரு பறவையையும், ‘சூல்’ (2016) நாவலில் கண்மாயையும் அதை அண்டி வாழும் ஜீவராசிகளையும் நடுநாயகமாக்கி, மனிதனைச் சற்றே ஓரத்துக்கு நகர்த்தினார். ‘சூல்’ 2019-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றதும் ஆய்வேடுகளின் பொருளாயிற்று. இம்முறை ஐந்தாம் அத்தியாயத்துக்குச் ‘சுற்றுச்சூழல் சிந்தனைகள்’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள்.