சேர்வரில் எந்த இயங்குதளம்? விலைக்கு முன் பார்க்க வேண்டிய திகதி

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் தாக்குதல் நடந்த நாள் வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்குத் தனியாக எடுத்துவைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்ததாகவும் நிதியில்லாமல் தள்ளிப்போனதாகவும் பொறுப்பான முகவர் நிலையம் விளக்கமளித்தது.

ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், கிளிநொச்சியில் உள்ள ஒரு சிக்கனக் கடனுதவுச் சங்கத்தின் மேசைக்கடியில் ஓடும் சேர்வரைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். அங்கத்தவர்களின் சேமிப்புக் கணக்கு, தனியார் மருத்துவமனை ஒன்றின் நோயாளர் பதிவு, கல்வி நிலையம் ஒன்றின் மாணவர் விபரம் எல்லாம் இப்போது இத்தகைய இயந்திரங்களில்தான் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களிடமிருந்து திரட்டிய வாக்குமூலங்களும் காணிப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகளும் சில அலுவலகங்களில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆணைக்குழுவின் முன்னும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு தாயிடம், கணினி பழுதாகிவிட்டது, இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்க எவருக்கும் வாய் வராது. இவற்றுள் பல விடயங்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைக்குள்ளும் வருபவை.

சேர்வர் என்பது பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் சேவை செய்யும் கணினி. பாடசாலைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று சொல்லும் இயங்குதளம் அதன் அடித்தளம். வணிகப் பாவனைக்கு இன்று நடைமுறையில் இரண்டு குடும்பங்கள் உள்ளன: மைக்ரோசொப்டின் விண்டோஸ் சேர்வர், பல நிறுவனங்களும் தொண்டர்களும் வெளியிடும் லினக்ஸ். எது வேகமானது என்ற வாதம் பழையது. முப்பது பேர் வேலைசெய்யும் அலுவலகத்துக்கு இரண்டும் போதிய வேகம்தான். கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் திகதிவரை வரும் என்பது.

விண்டோஸ் சேர்வர்: திகதி தெளிவு, கணக்குச் சிக்கல்

திகதி விடயத்தில் மைக்ரோசொப்டைக் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் பத்து ஆண்டுகளளவு ஆதரவு உண்டு, முடியும் நாளும் முன்கூட்டியே தெரியும். 2012, 2012 ஆர்2 ஆகியவற்றின் ஆதரவு 2023 ஒக்டோபர் 10இல் முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12, 2019க்கு 2029 ஜனவரி 9, 2022க்கு 2031 ஒக்டோபர் 14. 2024 நவம்பரில் வெளியான 2025 பதிப்பு அதற்கும் அப்பால் செல்லும்.

சிக்கல் உரிமத்தில் இருக்கிறது. விண்டோஸ் சேர்வரை இயந்திரத்தின் எண்ணிக்கைப்படி வாங்குவதில்லை. புரொசசரில் உள்ள கோர்களின் எண்ணிக்கைப்படி வாங்க வேண்டும். உங்கள் இயந்திரத்தில் எட்டுக் கோர்கள்தான் என்றாலும் குறைந்தது 16 கோர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்குமேல் சேர்வருடன் இணையும் ஒவ்வொரு பயனருக்கும், அல்லது ஒவ்வொரு கருவிக்கும், சிஏஎல் எனப்படும் தனி அனுமதி தேவை. விலைமனு கேட்கும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இதில் இன்னொரு கண்ணி உண்டு: 2022க்கு வாங்கிய சிஏஎல் 2025 சேர்வருக்குச் செல்லாது. ஸ்டாண்டர்ட் பதிப்பின் பட்டியல் விலையே 16 கோர்களுக்கு ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டுகிறது. டேட்டாசென்டர் பதிப்பு ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. ஒரே இயந்திரத்தில் இரண்டு மெய்நிகர் சேர்வர்களுக்கு மேல் ஓட்டாதவர்களுக்கு டேட்டாசென்டர் தேவையே இல்லை. சிறிய அலுவலகங்களுக்கு, புதிய இயந்திரத்துடன் சேர்த்து விற்கப்படும் எசென்ஷியல்ஸ் என்ற பதிப்பு இருக்கிறது. 25 பயனர், 50 கருவி என்ற வரம்புக்குள் சிஏஎல் இல்லாமலே அது போதும். விற்பனையாளர்கள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு, கேட்டு வாங்குங்கள்.

இத்தனை செலவுக்கும் விண்டோஸைத் தேர்வதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. உங்கள் கணக்கியல் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமானால் வேறு பேச்சில்லை. அலுவலகக் கணினிகள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் அக்டிவ் டைரக்டரி வசதியும் கையாள இலகுவானது. லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருள் 2012இல் வெளியான நான்காம் பதிப்பு முதல் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அதை அமைக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

திருட்டுப் பிரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரிமத்தை உடைக்கப் பயன்படும் சிறு மென்பொருள்கள் பெரும்பாலும் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லித்தான் நிறுவப்படுகின்றன. உள்ளே வேறென்ன வந்து குந்துகிறது என்று எவருக்கும் தெரியாது. கள்ள விண்டோஸை விட முறையான இலவச லினக்ஸ் எந்த நாளும் மேல். சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு மைக்ரோசொப்டே 180 நாள் பரீட்சார்த்தப் பதிப்பைத் தருகிறது.

சென்ட்ஓஎஸ் கதை

லினக்ஸ் இலவசம் என்ற சொல்லை நம்பி மட்டும் இறங்கியவர்களுக்கு 2020 டிசெம்பர் 8ஆம் திகதி பெரிய பாடம் கிடைத்தது. வணிக உலகில் முதன்மையான லினக்ஸ், ரெட் ஹாட் நிறுவனத்தின் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ். பத்தாண்டு ஆதரவு உண்டு. ஆனால் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். அதன் மூலநிரலிலிருந்து உருவாக்கப்பட்ட இலவசப் பிரதிதான் சென்ட்ஓஎஸ். சந்தா கட்ட இயலாத பல்கலைக்கழகங்கள், இணைய நிறுவனங்கள், சிறு வணிகங்கள் என்று உலகெங்கும் இதைத்தான் நிறுவினார்கள். ரெட் ஹாட்டை 34 பில்லியன் டொலருக்கு ஐபிஎம் வாங்கும் கொடுக்கல் வாங்கல் 2019 ஜூலையில் முடிந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வெளியானது. 2029வரை ஆதரவு இருக்கும் என்று நம்பி மக்கள் அதற்கு மாறினார்கள். பதினைந்து மாதங்களில் வந்த அறிவிப்பு, 2021 டிசெம்பர் 31உடன் அது முடிகிறது என்றது. அதற்கும் முந்திய 7ஆம் பதிப்பு 2024 ஜூன் 30வரை நீடித்தது. புதியதை விட பழையது கூடிய காலம் உயிரோடிருந்த விசித்திரம் இது.

அதன் இடத்தில் வைக்கப்பட்ட சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம், ரெட் ஹாட்டின் அடுத்த வெளியீட்டுக்குச் சற்று முன்னே ஓடும் பதிப்பு. சோதனைக்கு நல்லது. சம்பளப் பட்டியல் ஓடும் இயந்திரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெற்றிடத்தை இரண்டு புதியவர்கள் நிரப்பினார்கள். சென்ட்ஓஎஸ்ஸின் தொடக்ககாலப் பங்காளியான கிரெகரி கேர்ட்சர் ரொக்கி லினக்ஸைத் தொடங்கினார். பெயர், மறைந்துபோன சக பங்காளி ரொக்கி மெக்கோவின் நினைவாக வைக்கப்பட்டது. கிளவுட்லினக்ஸ் நிறுவனம் அல்மாலினக்ஸை 2021 மார்ச்சில் வெளியிட்டது. 2023 ஜூனில் ரெட் ஹாட் தனது மூலநிரலைப் பொதுவெளியில் வைப்பதையும் மட்டுப்படுத்தியது. அதன்பின் அல்மாலினக்ஸ், ரெட் ஹாட்டை வரிக்கு வரி நகலெடுப்பதைக் கைவிட்டு, அதற்கு எழுதிய மென்பொருள் இதிலும் ஓடும் என்ற உறுதியோடு நின்றுகொண்டது. ரொக்கி முழு ஒற்றுமை என்ற இலக்கைத் தொடர்கிறது. ஒரு சங்கத்துக்கோ மருத்துவமனைக்கோ இந்த வேறுபாடு நடைமுறையில் பெரிதில்லை. இரண்டும் இலவசம். இரண்டின் 9ஆம் பதிப்புக்கும் 2032 மே வரை திருத்தங்கள் வரும். ஒரக்கிளும் இதே குடும்பத்தில் ஓர் இலவச லினக்ஸை வெளியிடுகிறது.

ரெட் ஹாட் தானும் 2021 பெப்ரவரி முதல் 16 இயந்திரங்கள்வரை இலவசமாகப் பாவிக்க அனுமதிக்கிறது. ஆனால் அது தனிநபர் பெயரிலான கணக்கு. அந்த நபர் கனடாவுக்குப் போய்விட்டால் கணக்கும் அவரோடு போய்விடும். நம் ஊரில் இது கற்பனையான ஆபத்து அல்ல.

உபுண்டு, டெபியன், சூசே

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. 22.04, 24.04 என்ற இலக்கங்கள் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பவை. ஐந்தாண்டு ஆதரவு பொதுவானது, உபுண்டு புரோ கணக்கு இருந்தால் பத்தாண்டு. ஐந்து இயந்திரங்கள்வரை புரோ இலவசம், சிறு வணிகப் பாவனைக்கும் அது பொருந்தும். பலர் அறியாத ஒன்று: உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் மெயின் என்ற பகுதிக்கு மட்டுமே கனோனிக்கல் நிறுவனம் பொதுவாகப் பாதுகாப்புத் திருத்தத்துக்கு உறுதி தருகிறது. யூனிவேர்ஸ் என்ற மற்றப் பெரும் பகுதிக்கு அந்த உறுதி புரோ கணக்குடன்தான் வருகிறது. இலவசமாகக் கிடைக்கும்போது அதை இணைக்காமல் விடுவது வீண்.

டெபியன் 1993இல் தொடங்கிய, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத தொண்டர் முயற்சி. எவரும் வாங்கி மூட முடியாது என்பதே அதன் பெரிய பலம், சென்ட்ஓஎஸ் அனுபவத்துக்குப் பின் இதன் பெறுமதி கூடியிருக்கிறது. மூன்றாண்டு ஆதரவு, பின்னர் இரண்டாண்டு நீடிப்பு, ஆக ஐந்து. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறத் தயாரான இடங்களுக்கு உகந்தது. ஜெர்மனியில் தோன்றிய சூசே, எஸ்ஏபி மென்பொருளை ஓட்டும் பெரிய நிறுவனங்களின் தெரிவு. நம் வாசகர்களில் மிகச் சிலருக்கே அது தேவைப்படும்.

கட்டற்ற மென்பொருள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கையில் எழுதப்பட்ட சஹானா, பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின்மேல் நிற்கிறது.

டொலரும் மின்வெட்டும்

2022 தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. ஆண்டுச் சந்தாவில் இருந்தவர்களின் கட்டணம், நிறுவனம் ஒரு சதமும் கூட்டாமலே ஏறத்தாழ இரட்டிப்பானது. விண்டோஸ் உரிமத்தை ஒருமுறை பணம் கட்டி வாங்கினால் இந்த ஆபத்து அடுத்த பதிப்புவரை இல்லை. ரெட் ஹாட், சூசே சந்தாக்களுக்கு ஆண்டுதோறும் உண்டு. விலைமனுவை ரூபாவில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டொலர் இன்னொருமுறை ஏறினால் அடுத்த ஆண்டு கட்ட இயலுமா என்று செயற்குழுவில் கேளுங்கள்.

அதே ஆண்டு மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரியே கிடைக்காமல் இருந்தவர்களுக்கு இருட்டு புதிதல்ல. சேர்வருக்கு அது பழக்கமில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய மூன்றும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்பவை. ஆதலால் திடீரென மின் போனாலும் கோப்பு முறைமை பெரும்பாலும் தப்பும். கடைசி நொடிகளில் எழுதப்பட்ட தரவு தப்பும் என்பதற்கு உறுதியில்லை. யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி வடம் உள்ளதாகப் பாருங்கள். பற்றரி இறங்கும்போது சேர்வரைத் தானாக ஒழுங்காக மூடச் செய்யலாம். லினக்ஸில் இதற்கு நட் என்ற இலவச மென்பொருள் உண்டு.

தமிழ்க் கோப்புகள்

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும் தமிழ் அலுவலகங்கள் சந்திக்கும் சிக்கல் ஒன்று ஆங்கிலக் கையேடுகளில் அரிதாகவே இருக்கும். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறிகள்வரை போகலாம். லினக்ஸில் வரம்பு 255 பைட். யுனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவாகிறது, ‘கா’ என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறிகள், ஆறு பைட். ஆகவே 85 குறிகளுக்கு மேல் நீளும் பெயர்கள் லினக்ஸில் பிரதியாகாமல் நிற்கும். வாக்குமூலம் தந்தவரின் முழுப்பெயர், கிராம அலுவலர் பிரிவு, திகதி எல்லாவற்றையும் கோப்புப் பெயராக வைக்கும் வழக்கமுள்ள இடங்களில் இது கட்டாயம் வரும். மாற்றத்துக்கு முன் பெயர்களைச் சுருக்குங்கள்.

பாமினியில் தட்டச்சிட்ட பழைய ஆவணங்கள் எந்த இயங்குதளத்திலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தேடலில் வரும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் 8.0க்கு முந்திய பதிப்புகள் இயல்பாகவே லத்தீன் எழுத்துக்கு அமைந்தவை. எஸ்கியூஎல் சேர்வரில் வார்ச்சார் என்ற சாதாரண வகையில் பெயரைச் சேமித்தால் தமிழ் கேள்விக்குறிகளாக மாறும், என்வார்ச்சார் வேண்டும். கேள்விக்குறியான பெயரைப் பிறகு மீட்க வழியில்லை.

தெரிவு

விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கியல் மென்பொருள் உள்ள சங்கத்துக்கு எசென்ஷியல்ஸ், அல்லது ஸ்டாண்டர்ட். கோப்புப் பகிர்வும் இணையவழி மென்பொருளும் மட்டும் தேவைப்படும் அமைப்புக்கு உபுண்டு, புரோ கணக்குடன். உள்ளூரில் உபுண்டு தெரிந்த இளைஞர்களைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் இலகு என்பதும் ஒரு காரணம். பத்தாண்டு தொடாமல் ஓட வேண்டிய மருத்துவப் பதிவுக்கு அல்மாலினக்ஸ் அல்லது ரொக்கி. எதுவாயினும் வாரம் ஒருமுறை வெளிவன்தட்டில் பிரதியெடுத்துக் கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். வலையமைப்போடு இணைந்திருக்கும் பிரதியையும் கப்பத் தீநிரல் பூட்டிவிடும்.

சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடும் இடங்களுக்கு, அல்மாலினக்ஸ் குழுவின் எலிவேட் என்ற கருவி அதே இயந்திரத்தில் 8ஆம் பதிப்புக்கு நகர்த்தும். நேரடியாக அதில் கைவைக்காமல், முதலில் வன்தட்டை முழுதாகப் பிரதியெடுத்து அந்தப் பிரதியில் ஓட்டிப் பாருங்கள். மாறிய பிறகும் பழைய வன்தட்டை ஒரு மாதமாவது அழிக்காமல் அலுமாரியில் பூட்டி வையுங்கள்.