பொது மிதிவண்டியும் அறியும் உரிமையும்

வண்டலூர் இரயில் நிலையத்தில் இறங்கிக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குச் செல்ல வேண்டிய கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் இரண்டு வினாக்களை எழுப்பினார். "ஐயா, சென்னையில் 2019 ஆம் ஆண்டு தொடங்கிய பொது மிதிவண்டித் திட்டத்தை எங்கள் ஊர்வரை விரிவாக்கும் எண்ணம் உண்டா? அதை யாரிடம் கேட்பது?" முதல் வினாவுக்கு விடை அலுவலகக் கோப்புகளில்தான் இருக்கும். இரண்டாவது வினாவுக்கோ நீண்ட வரலாறு உண்டு. அதையே இங்கே கூற முற்படுகிறேன்.

வாடகை மிதிவண்டி நமக்குப் புதியதன்று. மணிக்கு இவ்வளவு என்று சைக்கிள் கடைக்காரர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு வண்டி கொடுத்த காலத்தைப் பெரியோர் அறிவர். ஆனால், எடுத்த கடையிலேயே வண்டியைத் திரும்ப விடவேண்டும். பொது மிதிவண்டியோ ஒரு நிலையத்தில் எடுத்து மற்றொரு நிலையத்தில் விடத்தக்கது. ஆதலால், நிலையங்கள் எங்கெங்கே அமைகின்றன என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி. வீட்டருகே ஒரு நிலையமும் இரயிலடியில் ஒரு நிலையமும் இல்லையென்றால், நூறு வண்டிகள் இருந்தும் பயனில்லை.

1965 இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 'ப்ரோவோ' என்னும் இளைஞர் குழுவினர், வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டிகளைப் பூட்டின்றித் தெருவில் விட்டனர். பூட்டாத வண்டி திருட்டைத் தூண்டும் என்று கூறிக் காவலர் அவற்றைக் கைப்பற்றினர்! அந்த எண்ணம் பின்னர்ப் பல நகரங்களில் உருமாறி வளர்ந்தது. 2007 ஜூலை 15 இல் பாரிஸ் நகரில் தொடங்கிய திட்டத்தை விளம்பர நிறுவனம் ஒன்று நடத்தியது. நகரின் விளம்பரப் பலகைகளில் அதற்கு உரிமை கிடைத்தது. நியூயார்க் நகரினர் 2013 இல் திட்டத்தைத் தொடங்குமுன், நிலையங்கள் எங்கே வேண்டுமென்று மக்களையே கேட்டனர். 2011 முதல் ஆயிரக்கணக்கானோர் வரைபடத்தில் இடம் குறித்துக் காட்டினர். நம் நாட்டில் மைசூரு நகரம் 2017 ஜூனில் 450 வண்டிகளுடன் முன்னோடியாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெரு பொதுமக்களுடையது, வண்டிகளை நடத்துவதோ பெரும்பாலும் தனியார் நிறுவனம். இருவருக்குமிடையே எழுதப்படும் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, அடுத்த நிலையம் எந்த அளவுகோலின்படி அமைகிறது என்று கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், குடவோலை விதிகள் ஊர்ச்சபை மண்டபத்தின் சுவரிலேயே பொறிக்கப்பட்டன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஊரார் அனைவருக்கும் எல்லா உரிமையும் அன்று இருந்ததென்று நான் கூற மாட்டேன். குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கே நிலமும் கல்வியும் வேண்டியிருந்தன. எனினும், விதி சுவரில் நின்றது, பெட்டியில் அன்று.

ஐரோப்பாவில், 1766 இல் சுவீடன் நாடு அரசாங்க ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிற்று. இந்தியாவிலோ ஆங்கில அரசு 1923 இல் அரசாங்க இரகசியச் சட்டத்தை இயற்றியது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் மறைத்தலே அலுவலக வழக்கமாக நீடித்தது. 1975 இல் ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி மாத்யூ, பொது ஊழியர் பொதுமக்கள் பொருட்டுச் செய்யும் செயல்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டென்று எழுதினார். ஆயினும், இவ்வுரிமைக்கு உயிரூட்டியவர் இராஜஸ்தானத்து ஏழை உழைப்பாளிகளே. 1990 இல் அங்கே உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், கூலிப் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டது. 1994 முதல் ஊர் நடுவே பட்டியல்களை உரக்கப் படித்தனர். உழைக்காதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அவ்வாறுதான் வெளிப்பட்டது. 1996 இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போர் நிகழ்ந்தது. மறு ஆண்டே, மாநிலங்களுள் முதலாவதாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் விலக்குகள் மிகுதி என்ற குறை எழுந்தது, அக்குறை நியாயமானதே. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியமான முடிவுகளைப் பற்றிய விவரங்களை அரசு அமைப்புகள் கேளாமலே வெளியிட வேண்டும் என்கிறது. தனியார் நிறுவனத்திடமிருந்து அரசு சட்டப்படி பெறத்தக்க விவரமும் 'தகவல்' என்பதில் அடங்கும். வணிக இரகசியத்தை மறுக்கலாம். ஆனால் பொதுநலன் பெரிதெனின் அதையும் தரவேண்டும். கேட்டவருக்கு 30 நாள்களுக்குள் விடை வரவேண்டும்.

இனி வண்டலூருக்கு வருவோம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, பக்கத்துப் பெருங்களத்தூர் அதில் சேர்ந்தது. வண்டலூர் ஊராட்சியாகவே நின்றது. 2023 டிசம்பர் 30 இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். இரயிலடி தென்னக இரயில்வேக்கு உரியது, ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. ஒரு மிதிவண்டி இங்கே இரண்டு கிலோமீட்டர் ஓட, இத்தனை அலுவலகங்களின் எல்லையைக் கடக்க வேண்டும்! ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கைகாட்டினால் கேட்பவர் என்ன செய்வார்? சட்டம் இயற்றியோர் இதை எண்ணிப் பார்த்திருக்கின்றனர். தவறான அலுவலகத்துக்கு விண்ணப்பம் சென்றால், அவ்வலுவலகமே ஐந்து நாள்களுக்குள் உரிய இடத்துக்கு அதை மாற்றியனுப்பி, அச்செய்தியை விண்ணப்பித்தவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது ஆறாம் பிரிவின் விதி.

இதைக் கேட்ட மாணவர் என் மேசையிலேயே அமர்ந்து எழுதலானார். விரிவாக்கத்துக்கென எந்தெந்த இடங்கள் ஆராயப்பட்டன, ஆய்வறிக்கையின் நகல் கிடைக்குமா, ஒப்பந்தத்தில் நகர எல்லைக்கு அப்பால் செல்ல இடமுண்டா என்று மூன்றே கேள்விகள். பெறுநர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. பிறகு, பொதுத் தகவல் அலுவலர், பெருநகர சென்னை மாநகராட்சி என்று எழுதி, பத்து ரூபாய்க் கட்டணத்துக்குச் சட்டைப்பையைத் துழாவினார்.