கடற்கரை இல்லாத கடற்கரைச் சாலை

கப்பல் பினாங்கைத் தொடுவதற்கு முந்தைய இரவு, வரவேற்பு மேசை முன்னால் நீண்ட வரிசை. மறுநாள் கரையில் யார் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று சீட்டு வாங்கும் வரிசை. கொடிமலை ரயில், கெக் லோக் சி புத்தர் கோயில், ஒரு பத்திக் துணிக்கடை, நடுவில் மதியச் சாப்பாடு. ஆளுக்கு நம் பணத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி தன் குடும்பத்துக்கு நான்கு சீட்டு வாங்கினான். எங்கள் இருவருக்கும் சேர்த்து வாங்கப் போனவனை அப்பா தடுத்தார்.

"எனக்கு மலையெல்லாம் வேணாம்ப்பா. அந்த மணிக்கூண்டைப் பாக்கணும், அவ்வளவுதான்."

மணிக்கூண்டு எங்கள் வீட்டில் பழைய கதை. தாத்தா 1937-இல், கங்காணி ஒருவரோடு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். மறு ஆண்டு, 1938 ஜூனில், உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. கதவு சாத்துவதற்குள் நுழைந்தவர்களில் அவர் ஒருவர். அப்பா 1948-இல் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். 1954-இல் குடும்பமே ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியது. அந்தப் பயணத்தில் ஆறு வயதுப் பையனுக்கு நினைவில் தங்கியவை மூன்றே: ரயிலை விட்டு இறங்கி அகலமான தண்ணீரைப் படகில் தாண்டியது, கரையில் தலைக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம், அதைக் காட்டி அப்பாயி சொன்னது. "முள்ளு ரெண்டும் ஒண்ணா சேர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திரு. எங்கயும் போயிராத."

ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் அப்பாயி இறந்துபோனார். படம் ஒன்றும் கிடையாது. அப்பாவிடம் தன் அம்மாவின் குரலில் மிச்சமிருப்பது அந்த ஒரு பேச்சுதான். "ஆறு வயசுல பாத்ததெல்லாம் நெஜமா இருக்கணும்னு இல்லப்பா" என்று தம்பி சில தடவை சொல்லியிருக்கிறான். அப்பா அதற்குப் பதில் சொல்லமாட்டார்.

*

கப்பல் சுற்றுலாவும் கரைச் சுற்றுலாவும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறந்தவை. 1844-இல் பி அண்ட் ஓ கம்பெனி மத்தியதரைக் கடலைச் சுற்றிவர நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசச் சீட்டு கொடுத்து, அவர் எழுதும் பயண நூல் விளம்பரமாகட்டும் என்று எதிர்பார்த்தது. 1891 ஜனவரியில் ஹாம்பர்க் கம்பெனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின், பனிக்காலத்தில் சும்மா கிடந்த 'அகஸ்டா விக்டோரியா' கப்பலில் 241 பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே கடலுக்குப் போனார். கப்பல் வீடு மாதிரி கூடவே வரும்; துறைமுகங்களில் இறங்கினால் சுற்றிக்காட்டும் ஏற்பாடு தயாராக இருக்கும். இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. பயணச்சீட்டை மலிவாக்கி, கரையில் செலவழிக்கவைக்கும் வியாபாரம் அது.

அதை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. தாய்லாந்தின் லேம் சபாங்கில் கப்பல் நின்றால் பாங்காக் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ரோம் என்று சொல்லி இறக்கிவிடும் சிவித்தாவெக்கியா, ரோமிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். அங்கெல்லாம் பேருந்து வேண்டும்தான். இன்னொன்றும் உண்டு: கப்பல்காரர்களின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதமானால் காத்திருக்காது.

ஆனால் பினாங்கு அப்படிப்பட்ட துறைமுகம் இல்லை. அங்கே ஊர் துறையிலிருந்துதான் முளைத்தது. கெடா சுல்தானிடமிருந்து தீவைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் இங்கே கொடியேற்றினார். அவர் இறங்கிய முனைக்கும் இன்று கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறைக்கும் இடையே சில நூறு மீட்டர்தான். கோட்டை, கிடங்கு, வங்கி, வட்டிக்கடை, பள்ளிவாசல், கோயில் எல்லாமே துறைமுகக்கூலி நடந்துபோகும் தூரத்தில் கட்டப்பட்டவை. பேருந்து முதல் பத்து நிமிடத்தில் அத்தனையையும் தாண்டி மலைக்குப் போய்விடுகிறது.

*

காலை எட்டரைக்கு இறங்கினோம். மாலை ஐந்தரைக்குள் ஏறிவிட வேண்டும். கப்பல் அட்டை, கடவுச்சீட்டு, தண்ணீர்ப் புட்டி, குடை. முனைய வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்தார்கள். வேண்டாம் என்று சிரித்துவிட்டு நடந்தோம். அப்பாவுக்கு முட்டிவலி. ஊருக்குள் இலவசப் பேருந்து ஒன்று சுற்றிவருகிறது என்று படித்துவைத்திருந்ததால் தைரியம்.

சாலையைத் தாண்டினால் நேரெதிரே மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு அறுபது ஆண்டு நிறைந்ததற்காக, ஆண்டுக்கு ஓரடி என்று அறுபது அடி உயரம். செல்வந்தர் சியா சென் இயோக் கொடுத்த பணத்தில் கட்டி 1902-இல் முடிந்தபோது ராணி உயிரோடு இல்லை. போரில் விழுந்த குண்டு அதைக் கொஞ்சம் சாய்த்துவிட்டது என்கிறார்கள்.

"இதோப்பா உங்க மணிக்கூண்டு!" என்று படம் எடுக்கப் போனேன்.

அப்பா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லம்மா. இது இல்ல. இது நடுத்தெருவுல தனியா நிக்குது. அங்க நாங்க ஒரு பெரிய கட்டடத்துக்குக் கீழ, நெழல்ல உக்காந்திருந்தோம்."

எனக்கு உள்ளே சுருக்கென்றது. தம்பி சொன்னதுதான் சரியோ? "சரி வாங்க, ஊரைப் பாப்போம்" என்று கோட்டைப் பக்கம் திரும்பினோம்.

கார்ன்வாலிஸ் கோட்டையை முதலில் நிபோங் பனைமரத் தூண்களால் வேலி மாதிரி எழுப்பினார்கள். பிறகு செங்கல். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பும் அதில் உண்டு. அந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. போர் வந்தபோது கடலோடு முடிந்தது. 1914 அக்டோபர் 28 விடியலில், பொய்யாக ஒரு நான்காவது புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு பிரித்தானியக் கப்பல்போல் நுழைந்தது ஜெர்மனியின் எம்டன். துறையில் நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்துவிட்டுப் போயிற்று. அதற்கு ஐந்து வாரம் முன்புதான் அது சென்னையில் குண்டு போட்டிருந்தது. இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "எங்க தோட்டத்துக் கங்காணிய எங்கப்பா எம்டன்னுதான் சொல்லுவாரு."

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. அப்போது பிரித்தானிய நிர்வாகம் ஐரோப்பியர்களை இரவோடிரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, மற்றவர்களை அப்படியே விட்டுப் போனது. தாத்தா அப்போது கெடாவில், இருபத்தி இரண்டு வயது. இந்தத் துறையில் எப்போதும் இரண்டு வரிசைகள் இருந்திருக்கின்றன. கடல்வழி வந்த கூலிகளைத் தெற்கே ஜெரஜாக் தீவில் தடுப்பு முகாமில் வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். மேல்தட்டுப் பயணிகள் துறையில் இறங்கி நேரே ஊருக்குள் நடந்தார்கள். அன்று காலை முனையத்தில் யாரும் எங்களை நிறுத்தவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

*

மணிக்கூண்டிலிருந்து தெற்கே போவது லெபு பந்தாய், கடற்கரைச் சாலை. அதில் கடற்கரை இல்லை. இரு பக்கமும் பழைய வங்கிக் கட்டடங்கள். கடல் ஒரு காலத்தில் இந்தச் சாலையின் விளிம்பில்தான் இருந்தது. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற புதிய கரையை அமைத்தார்கள். அதனால் ஏற்கெனவே இருந்த தெருக்கள் கடலை நோக்கி இன்னும் கொஞ்சம் நீண்டன. நீண்ட துண்டுகளின் பெயரில் மட்டும் 'காட்' என்று ஒரு சொல் சேர்ந்துகொண்டது. படித்துறையைக் குறிக்கும் வடஇந்தியச் சொல். காட் லெபு சூலியா, காட் லெபு சைனா. தெருப்பலகையைப் படித்தாலே பழைய கடல் எதுவரை வந்தது என்று தெரிந்துவிடும்.

உள்ளே திரும்பினால் குட்டி இந்தியா. குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கோயில்வீடு. கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பரங்கிப்பேட்டைக்காரரான காதர் மொஹிதீன் மரைக்காயர் 1801-இல் பெற்ற நிலத்தில் நிறுவியது. 'கிளிங்' என்ற சொல்லை இன்று மலேசியத் தமிழர்கள் வசையாகக் கேட்கிறார்கள். பள்ளிவாசலின் பெயரில் அது ஒரு சமூகத் தலைவரின் பதவியாக உறைந்து நிற்கிறது. சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. நாகூருக்குப் போக முடியாத மாலுமி இங்கே நேர்ந்துகொண்டான்.

இதெல்லாம் தோட்டக்கூலிகளுக்கு வெகுகாலம் முந்தைய தமிழர் வரலாறு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களில் ஓராயிரம் பேர் இங்கே தங்கிவிட்டார்கள் என்றும், ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வந்து வியாபாரமும் கூலியும் செய்து, கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்றும் லைட் 1794-இல் எழுதியிருக்கிறார். வந்துபோவதே வாழ்க்கையாக இருந்தவர்கள். மலாயில் கப்பலுக்கு 'கப்பல்' என்றும், கடைக்கு 'கெடை' என்றும் பெயர் நின்றது அந்தப் போக்குவரத்தில்தான்.

பள்ளிவாசல் அருகே நாசி கண்டார் சாப்பிட்டோம். தோளில் கழியைப் போட்டு, இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக்கூலிகளுக்கு விற்ற சாப்பாடு அது. பரிமாறிய இளைஞர் "அத்தாவுக்குக் கொழம்பு கலந்து ஊத்தவா?" என்று கேட்டார். அப்பா ஒரு பிடி தின்றுவிட்டு, "இந்த மணம் எனக்குத் தெரியும்" என்றார். எங்கே என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

மணி மூன்றரை. திரும்பும்போது சூலியா தெரு வழியே கடலுக்கு வந்து, வெல்ட் கீ ஓரமாக வடக்கே நடந்தோம். வலப்பக்கம் தண்ணீர், அக்கரையில் பட்டர்வொர்த். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இடப்பக்கம் வெள்ளையாக ஒரு பெரிய கட்டடம். வளைவுகளுடன் நிழலான தாழ்வாரம். உச்சியில் கோபுரம். கோபுரத்தில் கடிகாரம்.

இப்போது சுங்கத்துறை அலுவலகம். 1907-இல் கட்டிமுடித்தபோது அது ரயில் நிலையம். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம். தீவுக்கு ரயில் கிடையாது. அக்கரையில் பிறை என்ற இடத்தோடு பாதை முடிந்துவிடும். இங்கே சீட்டு வாங்கிப் படகேறிப் போய் ரயிலைப் பிடிப்பார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் படகில் வந்து இந்தக் கட்டடத்தின் எதிரே இறங்குவார்கள். கெடாவிலிருந்து ரயிலில் வந்த ஒரு குடும்பம், கப்பலுக்கு நேரமாகும்வரை குழந்தையை நிழலில் உட்காரவைக்க இதைவிட்டால் வேறு இடமில்லை. படகு, கடிகாரம், கட்டடத்து நிழல் மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தின. மணிக்கூண்டைத் தேடி வந்ததால்தான் நான் காலையில் தவறான இடத்தில் நின்றேன். தேட வேண்டியது கடிகாரத்தை அல்ல, அவர்கள் வந்த வழியை.

நிச்சயமாக இதுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன். எழுபது வருடத்து நினைவு. அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. எதிர்ப்புறத் தூண் ஒன்றின் அடியில், கட்டையில் உட்கார்ந்தார்.

"நேரமாச்சுப்பா" என்றேன், கால்மணி நேரம் கழித்து.

"இருக்கட்டும்மா. முள்ளு சேரட்டும்."

நாலு இருபத்தி இரண்டுக்கு முள் இரண்டும் சேரும். கப்பல் ஐந்தரை வரை காத்திருக்கும். அதற்குமேல் எங்களுக்காக ஒரு நிமிடமும் நிற்காது. நடக்க வேண்டிய தூரம் பத்து நிமிடம். அவர் முட்டிக்கு இருபது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் தம்பி கொடிமலைப் படங்களைக் காட்டினான். மேலிருந்து எடுத்தது: பச்சைக்கு அப்பால் ஊர், ஊருக்கு அப்பால் கடல், கரையில் சின்னதாக எங்கள் கப்பல். "நீங்களும் வந்திருக்கலாம்ப்பா, ஊரே தெரிஞ்சுது" என்றான். அப்பா கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். கப்பலுக்கு இந்தப் பக்கம், கரையோரமாக, எதையோ தேடிக்கொண்டிருந்தார்.