மண்வெட்டியை எரித்த தெய்வங்கள்

ஆதியாகமத்தின் படைப்புக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் இளம் தோழர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். அது கடவுளின் வாக்கு, கேள்வி கேட்கக் கூடாது என்பார்கள். இல்லையென்றால், பாபிலோனில் களவாடிய பழங்கதை, அதைப் பேசி என்ன பயன் என்பார்கள். இரண்டுமே வாசிப்பை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. எந்தப் படைப்புக் கதையானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதில் உழைப்பதற்கென்று படைக்கப்பட்டவர் யார், ஓய்வெடுப்பவர் யார்?

முதலில் பாபிலோனின் கதையைப் பார்ப்போம். அத்ரஹாசிஸ் காவியம் கி.மு. 17ஆம் நூற்றாண்டின் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. மனிதர் பிறக்காத காலம் அது. தெய்வங்களுக்குள்ளேயே மேல், கீழ் உண்டு. மேலே உள்ளவர்கள் அமர்ந்திருக்க, இகிகி என்னும் கீழ்த்தெய்வங்கள் ஆறு வெட்டுகின்றன, கால்வாய் தோண்டுகின்றன, மண் சுமக்கின்றன. ஒரு நாள் பொறுமை தீர்ந்து, மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயில் போட்டுவிட்டு, இரவோடு இரவாக என்லில் என்னும் பெரிய தெய்வத்தின் வீட்டை முற்றுகையிடுகின்றன. தூண்டியவன் யார் என்று கேட்டு ஆள் வருகிறது. யாரையும் காட்டிக்கொடுக்காமல், நாங்கள் எல்லோரும்தான் என்கின்றன. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வேலைநிறுத்தக் கதைகளில் இதுவும் ஒன்று.

போராட்டம் வென்றதா? வென்றது, ஆனால் நம் தலையில் விடிந்தது. ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணோடு பிசைந்து மனிதரைச் செய்தார்கள். நுகத்தடி மனிதர் கழுத்துக்கு மாறியது. எனூமா எலிஷ் என்னும் இன்னொரு பாபிலோனியக் காவியத்திலும் இதே ஏற்பாடுதான்: தோற்ற தெய்வத்தின் இரத்தத்தில் மனிதர் உருவாகிறார்கள், தெய்வங்கள் ஓய்வெடுக்கின்றன. கோயிலும் அரண்மனையும் கால்வாய்களை ஆண்ட நாட்டில் இந்தக் கதை யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1946இல் வெளியிட்ட ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் புருஷ சூக்தத்தை ஆராயும்போது எகிப்தியர், எபிரேயர் படைப்புக் கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். காலிலிருந்து ஒரு வருணத்தைப் பிறக்க வைக்கும் கதையின் வேலை என்ன என்பது அப்படிப் பார்த்தால்தான் துலங்கும்.

கி.மு. 597இலும், அடுத்த பத்தாண்டில் எருசலேம் அழிந்தபோதும், யூதா நாட்டு மக்கள் பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அங்கே கால்வாய் ஓரங்களில் குடியமர்த்தப்பட்டு, அரசு நிலத்தை உழுது, வரியும் ஊழியமும் செலுத்தினார்கள். அவர்கள் பெயர்கள் உள்ள ஆப்பெழுத்து ஆவணங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இந்தச் சிறையிருப்புக் காலத்திலோ அதையொட்டியோ வடிவம் பெற்றது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. எல்லோரும் ஏற்கவில்லை. நமக்கு அது வலுவான வாசிப்பாகப் படுகிறது. காரணம், அந்த அதிகாரம் யாரோடு வாதாடுகிறது என்று பாருங்கள். பாபிலோனில் சூரியனும் சந்திரனும் பெருந்தெய்வங்கள். இங்கே அவற்றுக்குப் பெயர்கூட இல்லை, பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான்.

அடுத்தது ‘சாயல்’. 1979இல் சிரியாவின் தெல் ஃபெக்கெரியேயில் கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆட்சியாளரின் சிலை கிடைத்தது. அதில் அக்காடியத்திலும் அரமேயத்திலும் எழுத்துகள் இருக்கின்றன. அரமேயப் பகுதி அந்தச் சிலையைக் குறிக்கும் இரண்டு சொற்களும், தமிழ் பைபிளில் ‘சாயல்’, ‘ரூபம்’ என்று நாம் படிக்கும் எபிரேயச் சொற்களின் உடன்பிறப்புகள். மெசொப்பொத்தாமியாவிலும் எகிப்திலும் தெய்வத்தின் சாயல் என்றால் பெரும்பாலும் மன்னன். அந்தப் பட்டத்தை ஆதியாகமம் ஆண், பெண் என்று எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறது. ஏழாம் நாள் ஓய்வையும் யாத்திராகமம் வேலைக்காரருக்கும் மாட்டுக்கும் சேர்த்தே எழுதுகிறது. பாபிலோனில் ஓய்வு தெய்வங்களின் சொத்து.

இந்தப் பலகைகளை உலகுக்குப் படித்துக் காட்டியவர்களில் முக்கியமான ஜார்ஜ் ஸ்மித் பல்கலைக்கழகம் போனவரல்ல. பதினான்கு வயதில் பணத்தாள் அச்சுத்தகடு செதுக்கும் வேலைக்குச் சேர்ந்து, சாப்பாட்டு இடைவேளையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஓடி ஆப்பெழுத்துக் கற்றவர். பாபிலோனிய வெள்ளக் கதையை 1872 டிசம்பரில் லண்டனில் அறிவித்தார்.

இரண்டாம் அதிகாரத்தில் ஏவாளைக் குறிக்கும் ‘துணை’ என்ற சொல் எபிரேயத்தில் கடவுளுக்கும் வருகிறது, அது கீழ்நிலையைக் குறிக்காது என்று ஃபிலிஸ் டிரிபிள் 1970களில் காட்டினார். ஆண்களாகிய நம் தோழர்கள் இதை இருமுறை படிக்கலாம்.

ஆனால் இதைக் கொண்டாட்டமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் சாயலைக் கொடுத்த அதே மரபுதான், அந்நியரை நிரந்தர அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று லேவியராகமம் 25இல் எழுதியது. ஆதியாகமம் 9இல் நோவா சபிப்பது பேரன் கானானை. அங்கே தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சாபத்தை காம் மீதும், காமின் வழியாக ஆப்பிரிக்கர் அனைவர் மீதும் ஏற்றித்தான் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அடிமை முதலாளிகள் பல நூற்றாண்டுகள் பிரசங்கம் கேட்டார்கள். முதல் அதிகாரமும் அதே புத்தகத்தில்தான் இருந்தது.