பாதியில நின்ன மடல்

ஆபீசுல ஆணி புடுங்குற நேரம் போக, பழைய இணைய நெறிமுறைகளோட ஆவணங்களைப் படிக்கிற வியாதி எனக்கு உண்டு மக்களே. இந்தத் தடவை மாட்டினது கருப்புத் திரையில வெறும் எழுத்தா ஓடுற மடல் மென்பொருள்கள். வந்துக்கிட்டிருக்கிற பெரிய மடலை நடுவுல நிறுத்துறது அதுல லேசுப்பட்ட வேலை இல்லை.

எங்க ஊர் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். குபேர லிங்கம் வரைக்கும் வந்து கால் வலிச்சு உட்கார்ந்தவரை, "மறுபடி ராஜகோபுரத்துலேர்ந்து நடங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? பாப்3 அப்படித்தான். மடலோட மிச்சத்தை மட்டும் கேட்க அதுல வழி கிடையாது. அழிக்கச் சொன்ன மடலையும், முறையா விடைபெற்ற பிறகுதான் அழிக்கும். நடுவுல லைன் அறுந்தா, ஏற்கெனவே வந்ததும் வழங்கியில அப்படியே கிடக்கும்.

நம்ம நாட்டுல இது காசு விஷயம். 1995 ஆகஸ்ட் 15 அன்னிக்கு விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டப்போ, திருவண்ணாமலைக்காரர் மெட்ராசுக்கு எஸ்டிடி போட்டாத்தான் உண்டு. 1 எம்பி படத்தை மடல்ல இணைச்சா, எழுத்தா மாறி மூணுல ஒரு பங்கு கூடும். 9600 பிட் வேகத்துல இருபது நிமிஷம் ஓடிடும். பத்தொன்பதாவது நிமிஷம் லைன் போச்சுன்னா? :-(

மாணவர்களுக்கு விலை குறைஞ்ச ஷெல் கணக்கு இருந்தது. படமெல்லாம் தெரியாது. ஏழைக் கணக்குன்னு நினைக்கிறோம், என்னைக் கேட்டா அதுதான் கெட்டிக்கார ஏற்பாடு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல 1989ல பிறந்த பைன் மென்பொருள் வழங்கியிலேயே ஓடும்; திரையில தெரியிற எழுத்து மட்டும்தான் தொலைபேசி வழியா வரும். இணைப்புக் கோப்பு வேணும்னா வழங்கியில சேமிச்சுட்டு, ஸெட்மோடம் மூலமா இறக்கிக்கலாம். சக் ஃபோர்ஸ்பெர்க் 1986ல உருவாக்கினது. லைன் அறுந்து மறுபடி கூப்பிட்டா, "இவ்வளவு பைட் வந்தாச்சு, மிச்சத்தை அனுப்பு"ன்னு நம்ம பொட்டியே கேட்டு வாங்கும்.

தானா அறுபடுறது ஒண்ணு, நாமளா நிறுத்துறது வேற. யூனிக்ஸ்ல கண்ட்ரோல்-சி அடிச்சா வழக்கமா நிரலே செத்துடும். அதைத் தடுத்து, "நிறுத்தச் சொல்றாங்க"ன்னு ஒரு குறிப்பு மட்டும் வெச்சுக்கிட்டு, அப்பப்போ அதைப் பார்க்கணும். இது சுலபம். சிக்கல் எதிர்முனையில. ஐமேப் வழங்கி "இதோ 20 லட்சம் பைட்"னு முதல்லயே எண்ணிக்கை சொல்லிட்டுக் கொட்ட ஆரம்பிச்சிடும். போதும்னு சொல்ல வழியில்லை. மொத்தத்தையும் வாங்கிக் கீழ ஊத்தணும், இல்லாட்டி இணைப்பையே வெட்டிட்டு மறுபடி கடவுச்சொல் கொடுத்து உள்ள போகணும்.

மார்க் கிறிஸ்பின் 1986ல ஸ்டான்ஃபோர்டுல தொடங்கின ஐமேப்போட நாலாம் பதிப்பு 1994ல வந்தது. மடலைத் துண்டு துண்டா கேட்க அதுல இடம் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கு அப்புறமும் குறிப்பைப் பார்த்து, வேணாம்னா அடுத்ததைக் கேட்காம விட்டாப் போதும். ஒவ்வொரு லிங்கத்துலயும் நின்னு போற மாதிரிதான். ஆனா துண்டு ரொம்பச் சின்னதா இருந்தா, ஒவ்வொண்ணையும் கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே பொழுது போயிடும். பெரிசா வெச்சா வேகம்தான், ஆனா கண்ட்ரோல்-சி அடிச்சுட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.